கவுண்ட் நார்மல், ரத்தம்தான் நிற்கவில்லை

மகளுக்குச் சில்லுமூக்கு உடைந்தால் அரை மணி நேரம் ஆனாலும் நிற்காது. கைகாலெல்லாம் நீலத் திட்டு. ரத்தம் நிற்க உதவுகிற தட்டணு, அதான் பிளேட்லெட், எண்ணிப் பார்த்தால் இரண்டரை லட்சம். "கவுண்ட் நார்மல், சூட்டு உடம்பு, இளநீர் கொடுங்க" என்று பெங்களூர் அல்சூர் பக்கம் இரண்டு டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்த்த ரத்தநோய் டாக்டர்தான், "எண்ணிக்கை இருக்கு, ஒன்னோட ஒன்னு ஒட்டுதான்னு பார்த்தீங்களா?" என்று கேட்டு அக்ரிகேஷன் டெஸ்ட் எழுதினார்.

முதல் தடவை தப்பு என்னுடையது. முந்தின வாரம் காய்ச்சலுக்கு ஐபுப்ரூஃபன் கொடுத்திருந்தேன். அது பிளேட்லெட்டை மந்தமாக்கும், முடிவு தப்பாக வரும் என்று திருப்பி அனுப்பினார்கள். பத்து நாள் போச்சு.

இரண்டாவது தடவையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வீட்டுக்குப் பக்கத்துக் கிளையிலேயே கொடுக்கலாம் என்றார்கள். ரத்தம் எடுத்த பையன் குழாயை நேராக ஐஸ் பெட்டியில் வைத்தான். இந்த டெஸ்டுக்கு ரத்தம் குளிரவே கூடாது. அப்படியே வெளியில் வைத்து நாலு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். கேட்டால், "எல்லாத்தையும் ஐஸ்லதான் மேடம் வைப்போம்." சாம்பிள் வீண், குழந்தைக்கு மறுபடியும் ஊசி. அப்புறம் கிளைப் பக்கமே போகவில்லை. காலை ஏழரைக்கே மெயின் லேபில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பிளேட்லெட்டை ஒட்டத் தூண்டும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று கோடாக வரைவார்கள். ஏடிபி, கொலாஜன் எதற்கும் அசையாத கோடு ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் ஏறியது. கிளான்ஸ்மான் த்ராம்பஸ்தீனியா: பிளேட்லெட் இருந்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டாத பரம்பரை நோய்.

ஜீன் டெஸ்ட் இன்னொரு கூத்து. 17-வது குரோமோசோமில் ஐடிஜிஏ2பி, ஐடிஜிபி3 என்று இரண்டு ஜீன்கள். பிளேட்லெட்டுகளை ஒன்றோடு ஒன்று இணைக்கிற ஃபைப்ரினோஜனைப் பிடிக்க, பிளேட்லெட்டின் மேல் இருக்கிற புரதத்தில் ஆளுக்குப் பாதியை இவைதான் செய்கின்றன. "அப்பா அம்மா ரத்தமும் வேணுமா?" என்று கவுண்டரில் கேட்டேன். வேண்டாம் என்றார்கள். ஐடிஜிஏ2பியின் இரண்டு நகலிலும் (அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று) ஒரே மாற்றம், ஆனால் "முக்கியத்துவம் உறுதியில்லை", அதாவது நோய்க்குக் காரணம் இதுதானா என்று தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. எங்கள் இருவர் ரத்தத்தையும் பார்த்தால்தான் மேலே சொல்ல முடியுமாம்! திரும்பவும் பணம், திரும்பவும் ஐந்து வாரம்.

என் கணவர் என் தாய்மாமா மகன். "நம்ம வம்சத்துல யாருக்கும் இது கிடையாது" என்று மாமா ஒரே பிடிவாதம். ஒரு நகல் மட்டும் கெட்டிருந்தால் பொதுவாக ரத்தக் கசிவே இருக்காது, தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் வரும் என்று டாக்டர் சொன்னபோதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ரிப்போர்ட்டில் எங்கள் இருவருக்கும் அதே மாற்றம், ஆளுக்கு ஒரு நகலில். மாமா காபி கேட்டார்.

போன வாரம் பால்பல் விழுந்தது. ரத்தக் கசிவைக் குறைக்கிற ட்ரானெக்ஸாமிக் மருந்து கையில் இருந்தது, சீக்கிரமே நின்றுவிட்டது. ஐஸ் பெட்டி டெஸ்டுக்குக் கட்டிய பணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.