முன்சக்கரத்தில் கசியும் எண்ணெய்

என்னிடம் இருப்பது 1978-ஆம் ஆண்டு டொயோட்டா லேண்ட் க்ரூசர், எஃப்ஜே 40. ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர், 2எஃப் பெட்ரோல் எஞ்சின். பார்ப்பவர்கள் எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. வால்வு இடைவெளி பார்த்து, ஆயில் மாற்றி, ரேடியேட்டரைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் அது பாட்டுக்கு ஓடும். நான் குனிந்து பார்க்கும் இடம் வேறு: முன் ஆக்சிலின் இரண்டு முனைகளிலும் இருக்கும் நக்கிள், அதாவது சக்கரத்தைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்பும் உருண்டைக் கூடு.

இந்த வண்டியின் பராமரிப்பில் பாதி, ஒவ்வொரு எண்ணெயையும் அதனதன் அறைக்குள் வைத்திருப்பதுதான். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் கியர் ஆயில் இருக்க வேண்டும். நக்கிளுக்குள் மாலிப்டினம் கலந்த கெட்டி கிரீஸ். வீல் பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ். மூன்றும் ஒரே ஆக்சிலில்தான், நடுவே ரப்பர் சீல்கள் மட்டும். ஆக்சில் குழாயின் முனையில் உள்ள உள் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் நக்கிளுக்குள் ஓடிவந்து கிரீஸைக் கரைத்துக் கருங்குழம்பாக்கிவிடும். அந்தக் குழம்பு வெளிச் சீலைத் தாண்டி டயரின் உள்பக்கம் வழியும். வீல் பேரிங் உட்காரும் குழாயான ஸ்பிண்டில் வழியே போனால் வீல் பேரிங் கிரீஸையும் கழுவிவிடும்.

டயரில் கறை தெரிந்ததும் பலர் வெளிச் சீலை மட்டும் மாற்றுகிறார்கள். என் வண்டி என்னிடம் வந்தபோது வெளியே சிலிகான் பூசியே அடைத்திருந்தார்கள். கசிவு தெரியாமல் போகும், அவ்வளவுதான். உள்ளே டிஃபரன்ஷியல் வற்றிக்கொண்டே இருக்கும். கறை கண்டால் முதலில் டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் துளையின் மூடியை, அதாவது ஃபில் பிளக்கைத் திறந்து ஆயில் மட்டம் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் உள் சீல் மேல்தான் முதல் சந்தேகம், நக்கிளை முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான்.

பிரிப்பது அழுக்கான வேலை. ஆனால் எனக்குப் பிடித்த வேலை. வெளியே உள்ள லாக்கிங் ஹப்பைக் கழற்றி, பூட்டு வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, 54 மில்லிமீட்டர் சாக்கெட்டால் நட்டுகளை எடுத்தால் சக்கரத்தின் ஹப் கையோடு வரும். ஸ்டியரிங் ஆர்மைப் பிடித்திருக்கும் கூம்பு வாஷர்கள்தான் அடம்பிடிக்கும். நெம்பினால் நெளியும். ஸ்டட்டின் தலையில் பித்தளைச் சுத்தியலால் நேராக ஒரு தட்டு தட்டினால் ‘டக்’கென்று விடும். மேலே எடுத்த ஷிம், கீழே எடுத்த ஷிம் எது எது என்று தனித்தனியாகக் கட்டி எழுதி வைக்கிறேன். நக்கிள் ஆக்சில் குழாய்க்கு நேர் நடுவில் நிற்பது அந்த மெல்லிய தகடுகளால்தான். நடு விலகினால் புதிய சீலும் ஒருபக்கமாகத் தேயும்.

ஆக்சில் ஷாஃப்டை உருவியதும் துடைத்துவிட்டு, சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். நகம் ஒரு வரியில் மாட்டினால், பழைய சீல் அங்கே பள்ளம் பறித்திருக்கிறது. எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அந்த ஷாஃப்டில் நிற்காது. கண்ணுக்கு அது வெறும் பளபளப்பான வளையமாகத்தான் தெரியும், நகத்துக்குத்தான் பிடிபடும். நக்கிளின் மேலும் கீழும் உள்ள பேரிங்குகளின் கிண்ணங்களையும் பார்க்க வேண்டும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உருளைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தழும்பு விழுந்திருக்கும். ஸ்டியரிங் நடுவில் வரும்போது லேசாக எங்கேயோ உட்காருவது போல இருக்கிறதா? காரணம் அந்தத் தழும்பாக இருக்கலாம்.

ஷாஃப்டின் முனையில் இருக்கும் பர்ஃபீல்டு மூட்டு எனக்கு ஓர் அதிசயம். ஆல்ஃபிரட் ர்செப்பா 1920களில் வடிவமைத்த மூட்டின் வழிவந்தது. ஆறு எஃகுக் குண்டுகள், ஒரு கூண்டு. சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் சுழற்சியைச் சீராகக் கொடுக்கிறது. ஃபோர் வீலில் போட்டு முழுசாக ஒடிக்கும்போது ‘கட் கட்’ என்று சத்தம் வந்தால் குண்டுகள் ஓடும் பள்ளம் தேய்ந்துவிட்டது. முழு ஒடிப்பில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். இந்த மூட்டு உடைவது அநேகமாக அப்போதுதான்.

திரும்ப மாட்டும்போது சீலும் ஷாஃப்டும் இல்லாமல் நக்கிளை மட்டும் முதலில் கட்டி, ஆர்ம் முனையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு, நக்கிள் திரும்ப எவ்வளவு இழுவிசை வேண்டும் என்று இழுத்துப் பார்க்கிறோம். என் மகள் நிதானமாக இழுப்பாள், நான் முள்ளைப் படிப்பேன். சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவு வரும்வரை ஷிம் மாற்ற வேண்டும். அப்புறம் ஷாஃப்ட். அதை ஒரு கையால் தாங்கியபடியே உள்ளே விட வேண்டும். தொங்கவிட்டால் அதன் பற்கள் புதுச் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். நக்கிளில் முக்கால் பங்கு கிரீஸ் போதும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஆக்சில் காற்றை உள்ளே வெளியே விடும் சின்னத் துளையான பிரீதரை மறந்துவிடக்கூடாது. ஓடிச் சூடான ஆக்சில் ஓடையில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் மண் அடைத்துக் கிடந்தால் அந்தச் சுருக்கம் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஆயில் வெளுத்துப் பால் போல ஆகிவிட்டால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒரு நீள ஹோஸ் போட்டுப் பிரீதரை பானெட்டுக்கு அடியில் ஏற்றி வைத்துவிட்டேன். மிகச் சுலபமான வேலை, இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை என்றே சொல்வேன்.

லாக்கிங் ஹப்பை எப்போதும் ஃப்ரீயிலேயே, அதாவது சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டிலிருந்து விடுவித்தே வைத்து ஓட்டுவதும் நல்லதல்ல. முன் ஆக்சில் சுழலாவிட்டால் ஆயில் அடியிலேயே தேங்கிவிடும். அவ்வப்போது ஹப்பை மட்டும் லாக் செய்து, டூ வீல் டிரைவிலேயே கொஞ்ச தூரம் ஓட்டினால் எல்லா இடத்துக்கும் ஆயில் போய்ச் சேரும்.

வேலை முடிந்து ஓட்டிய பிறகு நக்கிளின் உருண்டைப் பகுதியில் மெல்லிய கிரீஸ் படலம் தெரியும். சரி, அது கசிவு இல்லை. வெளிச் சீல் துடைத்து விட்டுப்போகும் படலம் அது, துருப்பிடிக்காமல் காப்பதும் அதுதான். சொட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்சில்களுக்குக் கொடுக்கும் பெட்டி. கியர்பாக்ஸில் ஆயில் குறைகிறது, டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபில் பிளக்கைத் திறந்தால் பொங்கி வழிகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சீல் போய்விட்டது. சீல் வாங்கி வைத்திருக்கிறேன், இறக்க வேண்டும்.