திங்கட்கிழமை கவுண்ட்

போன மாதம் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலைக்காரர் எனக்கு மாமா முறை. "மாப்ள இப்ப எங்க இருக்கீங்க?" என்றார். மில்லில், லேப்பில் இருக்கிறேன் என்றேன். "ரத்தமெல்லாம் எடுப்பீங்களோ?" இல்லை மாமா, நூல் டெஸ்ட் பண்ணுவோம். "நூல்ல என்ன இருக்கு டெஸ்ட் பண்ண?"

என்னிடம் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது. சாம்பார் ஊற்றும்போது ஆரம்பித்தேன். ராப் ரீல் என்று ஒரு சக்கரம் உண்டு, சுற்றளவு ஒன்றரை கஜம். 80 சுற்று சுற்றினால் 120 கஜம் நூல் வரும். அது ஒரு லீ. அதை எடை போட்டு, 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் நூலின் கவுண்ட் கிடைக்கும், நூல் எவ்வளவு மெலிது என்று சொல்லும் நம்பர். 1.62 கிராம் இருந்தால் 40-ஆம் நம்பர் நூல். 64.8 எங்கிருந்து வந்தது என்று மாமா கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். ஒரு பவுண்டு நூலில் எத்தனை ஹேங்க் என்பதுதான் கவுண்ட். ஒரு ஹேங்க் 840 கஜம், 120 கஜம் அதில் ஏழில் ஒரு பங்கு. ஒரு பவுண்டுக்கு 453.6 கிராம், அதை ஏழால் வகுத்தால் 64.8. மோர் வந்துவிட்டது. மாமா நல்ல மனிதர், முழுவதும் கேட்டார். இலையை மடக்கும்போது, "சரி மாப்ள, அடுத்து என்ன பண்றதா உத்தேசம்?" என்றார்.

எனக்கு 43 வயது. இந்த 'அடுத்து' பத்தாம் வகுப்பிலிருந்து என் பின்னாலேயே வருகிறது.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், 38 வயதில், மதுரையில் ஒரு மனநல மருத்துவர் எனக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். அரசு அறிவிப்புகளில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். எதிர்வீட்டு மிக்ஸி, ட்யூப்லைட் சோக்கின் ரீங்காரம், பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தேய்த்திருக்கும் எண்ணெய், சட்டைக் காலருக்குள் குத்தும் லேபிள்... இந்தப் புற உலகம் ஒரு அரைமணி நேரம் என்னைச் சும்மா விட்டால் தேவலை என்றுதான் இருக்கிறேன்.

டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்ததும், மார்க்கெட்டிங்கில்தான் எதிர்காலம் என்று அப்பாவின் நண்பர் சொன்னார். முதல் வேலை செல்போன் கடையில். "இந்த போன் நல்லா உழைக்குமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், உழைக்காத போனை உழைக்காது என்பேன். நான்கு மாதம். பிறகு திருப்பூரில் மெர்ச்சண்டைசர். நாளெல்லாம் போன்: சாயப்பட்டறைக்கு, தையல் யூனிட்டுக்கு, பையர் ஆபீசுக்கு. ஒவ்வொரு போனுக்கும் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். எதிரில் இருப்பவர் தாளில் இல்லாததைப் பேசினால் அவ்வளவுதான். ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தேன். எல்லா இடத்திலும் எனக்குக் கிடைத்த ஒரே அறிவுரை, "கொஞ்சம் அனுசரிச்சுப் போப்பா." எதை, எவ்வளவு, எப்போது என்று ஒருவரும் சொன்னதில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் செய்திருப்பேன்.

28 வயதில் ஊருக்கே திரும்பி, ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். வேறு வேலை கிடைக்காததால் வந்த இடம். காலையில் நூற்கும் மெஷின், அதாவது ஃப்ரேம், ஒவ்வொன்றிலிருந்தும் நூல் எடுத்துவந்து, சுற்றி, எடை போட்டு, ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். 80-ஆவது சுற்றில் மணி அடித்து ராப் ரீல் நிற்கும். அதுவரை யாரும் என்னோடு பேச மாட்டார்கள். முதல் வாரமே, மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் கை தானாக அடுத்த நூலுக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை விஷயத்தைக் கவனித்தது சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து. 40-ஆம் நம்பருக்கு 1.62 வர வேண்டிய இடத்தில் திங்கள் காலையில் 1.59 வரும். வகுத்தால் 40.75, நூல் மெலிதாக ஓடுகிறது என்று அர்த்தம். உடனே ஸ்பின்னிங் மாஸ்டர், நூலின் தடிமனைத் தீர்மானிக்கும் பல்சக்கரமான பினியனை மாற்றச் சொல்வார். செவ்வாய்க்கிழமை எடுத்தால் 1.65, இப்போது தடிமன். மறுபடியும் பினியனை மாற்றுவார்கள். புதன்கிழமை எல்லாம் சரியாகிவிடும். அடுத்த திங்கள் முதலிலிருந்து. யாருக்கும் இது விசித்திரமாகத் தெரியவில்லை. "திங்கக்கிழமைன்னா அப்படித்தான்" என்றார் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அண்ணன்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மிகைப்படுத்தவில்லை. 1.59 என்ற எண் கண்ணுக்குள்ளேயே நின்றது. பழைய ரெஜிஸ்டர்களை மாடி ரூமிலிருந்து இறக்கி, ஆறு வருடத்துத் திங்கட்கிழமைகளைத் தனியாக ஒரு நோட்டில் எழுதினேன். ஆடிக்காற்று மாதங்களில் மோசம், ஐப்பசி மழையில் ஒன்றுமே இல்லை. மழை என்று தெரிந்ததும் மிச்சம் தானாக வந்தது. ஞாயிறு வார விடுமுறை. அன்றைக்கு டிபார்ட்மென்டுக்கு ஈரக்காற்று விடும் பிளான்ட்டை நிறுத்திவிடுவார்கள். பஞ்சு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள், கணக்குப்படி நூறு பங்கு உலர்ந்த பஞ்சுக்கு எட்டரைப் பங்கு ஈரம் இருக்க வேண்டும். அது ஆறரைக்கு இறங்கினால் 1.62 கிராம் 1.59 ஆகும். நூலில் பஞ்சு குறையவே இல்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கிறது. அதற்கு பினியனை மாற்றினால், செவ்வாய்க்கிழமை ஈரம் திரும்பி வரும்போது நூல் தடித்துத்தான் போகும். சோதிக்கும் முன் நூலை 65 சதவீத ஈரப்பதத்தில், 27 டிகிரியில் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது டிப்ளமோ பாடத்திலேயே இருக்கிறது. அவசரத்தில் யாரும் வைப்பதில்லை.

நோட்டைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்தேன். வாயால் சொன்னால் குழப்பிவிடுவேன் என்று தெரியும். இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை மதியம் வரைக்கும் பினியனில் கை வைக்கக் கூடாது என்று போர்டில் எழுதிப் போட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

நம் ஊரில் ஒருவன் ஒரு வேலையை நன்றாகச் செய்தால் அவனை அந்த வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள். 37 வயதில் ஷிப்டு சூப்பர்வைசர் ஆனேன். அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். ஆள் வரவில்லை என்று ஒருவர், ஃப்ரேம் நின்றுவிட்டது என்று ஒருவர், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், நடுவில் போன். மெஷின் சத்தம் என்னை ஒன்றும் செய்யாது, அது ஒரே சீரான சத்தம். யார் எப்போது தோளைத் தொட்டுக் கூப்பிடுவார்கள் என்பதுதான் தாங்கவில்லை. ஏழாவது மாதம், ஒரு முழு நைட்டில் டீ ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு நின்றுவிட்டது. வாயைத் திறக்கிறேன், வார்த்தை வரவில்லை. மூன்று நாள் அப்படி. முதலில் மந்திரித்தார்கள். அப்புறம்தான் மதுரை.

மருத்துவர் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். சின்ன வயதில் எப்படி இருப்பான் என்று அவர் கேட்டதும், அம்மா என்னைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்று மென்று முழுங்கினாள். அப்புறம் சொன்னாள்: "நாங்க சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணித் தறிக்கு நூல் தார் சுத்துனோம் டாக்டர். இவன் பக்கத்துலயே உக்காந்து எண்ணிக்கிட்டு இருப்பான். தறிச் சத்தத்துல தூங்குவான். குக்கர் விசில் அடிச்சா வீட்ட விட்டு ஓடிருவான்." மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு சிரித்தார். அதில் கேலி இல்லை என்று அம்மா பஸ்ஸில் எனக்கு விளக்கினாள்.

பெயர் கிடைத்துவிட்டது, இனிமேல் வழியும் தெரிந்துவிடும் என்று நம்பினேன். ஒரு ஆட்டிசம் மையத்துக்கு போன் செய்தேன், துண்டுத்தாள் எழுதி வைத்துக்கொண்டுதான். "பையனுக்கு என்ன வயசுங்க சார்?" என்றார்கள். 38 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆட்டிசக்காரர்கள் கம்ப்யூட்டரில் புலி என்று எங்கோ படித்துவிட்டு கோடிங் வகுப்பில் சேர்ந்து, மூன்று மாதத்தில் விட்டேன். நான் புலி இல்லை. வகுத்தலுக்குக்கூட எனக்கு கால்குலேட்டர் வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையும் படித்தேன். ஊனங்கள் என்று எண்ணப்பட்ட 21-இல் ஆட்டிசமும் ஒன்று. அரசு வேலையில் இடஒதுக்கீடு மொத்தம் 4 சதவீதம், அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாருமாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். என் மில் தனியார். அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

தேடியதில் மனதில் தங்கியவர் ஒருவர்தான். லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். முதல் குழந்தை டொனால்ட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர், முழுப்பெயர் டொனால்ட் டிரிப்ளெட். 1958-இல் கல்லூரி முடித்து, ஊர் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். கோல்ஃப் விளையாடினார், தனியாகவே பல நாடுகளுக்குப் பயணம் போனார், 2023-இல் 89 வயதில் இறந்தார். குடும்பத்துக்குப் பங்குள்ள வங்கி அது, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் வங்கி வைத்திருக்கும் தாத்தா கிடைப்பதில்லை. ஆனாலும் நான் அதை இரவில் இரண்டு தடவை படித்தேன். உலகத்தில் முதல்முதலாக இந்தப் பெயர் வாங்கிய ஆள், ஒரே ஊரில், ஒரே வங்கியில் இருந்திருக்கிறார்.

மாஸ்டரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன்: லேப்புக்கே அனுப்பிவிடுங்கள். "சம்பளம் 3,200 ரூபாய் குறையும்டா" என்றார். தெரியும் என்றேன். அம்மா ஒரு வாரம் பேசவில்லை, மைசூர்பாகு கொடுத்த தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்பது அவள் கவலை. அது நியாயமான கவலைதான். இன்றைக்கும் அவளிடம் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கடிதத்தின் கீழே மூன்று கோரிக்கைகளும் இருந்தன. பகல் ஷிப்டு மட்டும். போனுக்குப் பதில் சீட்டு. தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டாம். மூன்றாவதைப் படித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். இத்தனை வருடம் அவர்தான் என் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்.

லட்சியம் என்றால் தூரத்தில் தெரியும் கோபுரம் மாதிரி இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிவதெல்லாம் ஒரு கை தூரம். தப்பாக இருக்கும் ஒரு எண்ணைப் பார்த்தால் விட முடியாது, சரியாகும் வரை அதன் பின்னால் போவேன். இப்போது 80-ஆம் நம்பர் நூலில் ஒரு ஃப்ரேமில் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை கவுண்ட் தப்பாக வருகிறது. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை, நோட்டு போட்டிருக்கிறேன். மாமாவிடம் இதைத்தான் 'அடுத்து' என்று சொல்லியிருக்க வேண்டும். கை கழுவும் இடத்தில்தான் ஞாபகம் வந்தது. அவர் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதை ஞாயிறு இரவு எழுதுகிறேன். வெளியே நல்ல காற்று, கொடியில் போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. நாளைக்குக் காலை 1.59-தான் வரும். போர்டில் எழுதிப் போட்டு எத்தனையோ வருடமாகியும் ஒன்பது மணிக்கு மாஸ்டரிடமிருந்து சீட்டு வந்துவிடும்: "கவுண்ட் என்ன?" அதன் பின்பக்கத்தில் எழுதி அனுப்புவேன்: "மதியம் 1 மணிக்கு."