மண்ணும் குயவனும்: உயர்தரத்தில் இந்து நாகரிகம் படித்த அனுபவம்

இலங்கையின் சாதாரண தரப் பரீட்சையில் சைவநெறிப் பாடத்துக்கு ஏ கிடைத்த துணிச்சலில், உயர்தரக் கலைப்பிரிவில் இந்து நாகரிகம், அளவையியலும் (தர்க்கம்) விஞ்ஞானமுறையும், தமிழ் ஆகிய மூன்றையும் எடுத்தேன். சிவபுராணம் மனப்பாடம், கோயிலும் பக்கத்தில். புதிதாகப் படிக்க அதிகம் இருக்காது என்று நினைத்தேன்.

முதல் தவணைப் பரீட்சையில், சைவசித்தாந்தம் உலகத் தோற்றத்துக்குக் கூறும் காரணங்களைக் கேட்டிருந்தார்கள். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகுக்கு முறையே மாயை, சக்தி, சிவன். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அம்மம்மா அடிக்கடி சொல்வதையும் கடைசியில் சேர்த்தேன்: "உலகமும் சிவனே."

விடைத்தாளில் அந்த வரிக்கு மட்டும் சிவப்புக் கோடு. "மண்ணும் குயவனும் ஒன்றா? முன்பக்கத்தில் வேறு என்றல்லவா எழுதியிருக்கிறீர்?" என்று சேர் கேட்டார்.

நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறைவனே முதற்காரணமும் நிமித்தகாரணமும் என்பது வேதாந்திகளின் கொள்கை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமற்றவை, என்னும் சித்தாந்தி, அறிவே வடிவான சிவன் அறிவற்ற சடமான உலகமாகத் திரிவதை ஏற்கமாட்டார். பக்தியோடு எழுதிய ஒரு வரி, அதுவரை எழுதிய இரண்டு பக்கத்தையும் கவிழ்த்திருந்தது.

கைகொடுத்தது அளவையியல். பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லை, ரியூசனில்தான் படித்தேன். அரிஸ்டாட்டிலின் நியாயத்தொடை என்ற வாத வடிவில் மூன்று கூற்றுகள். இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தின் அனுமானத்தில் ஐந்து உறுப்புகள்: மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போலப் புகையுள்ள இடத்தில் நெருப்பு இருக்கும், இம்மலையிலும் அத்தகைய புகை உண்டு, ஆகவே நெருப்பு உண்டு. அந்த அடுக்களை எனக்கு மிகவும் பிடித்தது. கண்ட ஓரிடத்தைக் காட்டாமல், காணாத இடத்தைப் பற்றிப் பேச அது விடுவதில்லை. சைவசித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தையும் அப்படியே ஐந்து உறுப்பாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அது விளங்கியது.

அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பிற மதங்களை ஆராயும் பரபக்கத்தில் தொடங்குகிறது. காட்சி ஒன்றையே அளவையாக, அதாவது அறியும் வழியாக, ஏற்கும் உலகாயதன் முதல் 14 மதத்தாரின் கொள்கைகளை எடுத்துக் கூறி, பிறகே மறுக்கிறார். நானும் கடந்தகால வினாக்களுக்கு அப்படி எழுதிப் பழகினேன்: எதிர்த்தரப்புக்கு முதலில் முழுப் பக்கம். அதைக் குறைத்து எழுதினால் என் மறுப்பும் மெலிந்துபோனது. இந்தப் பாடம் எடுப்பவர்களுக்கு, குறிப்புகளைப் பாடமாக்குவதை விட இதையே சொல்வேன்.

இந்து நாகரிகத்தில் ஏ, மற்ற இரண்டிலும் பி.

பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு, அம்மம்மாவுக்கு அந்தச் சிவப்புக் கோட்டை விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "குயவனுக்கு மண் எங்கிருந்து வந்தது, பிள்ளை?" என்றார். மாயை அநாதி என்றேன். ஏன் அநாதி என்று கேட்டார். அன்று இரவு, காரியம் காரணத்தில் முன்பே உண்டு என்னும் சற்காரியவாதத்தை, இல்லாதது தோன்றாது என்ற முதல் வரியிலிருந்து, மறுபடி படிக்கத் தொடங்கினேன்.