மிக்ஸி போட்டால் அணைந்துபோன இன்வெர்ட்டர்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி பிறப்பதற்குள் இன்வெர்ட்டரைச் சோதித்துவிடுவது கஜாவுக்குப் பிறகு வந்த பழக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை அந்தப் புயல் கரையேறியதில் கம்பமெல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. அடுத்த வருடமே மாடியில் 330 வாட் பேனல் இரண்டு, கீழே 150 ஏஎச் கொள்ளளவுள்ள டியூபுலர் பேட்டரி இரண்டு என்று வைத்துவிட்டேன். 12 வோல்ட் பேட்டரி இரண்டையும் தொடராகச் சேர்த்து 24 வோல்ட் இணைப்பு.

ஐந்தாவது வருடம் புரட்டாசியில் தொல்லை ஆரம்பித்தது. ஃபேன், லைட் எல்லாம் ஓடும். மிக்ஸியைப் போட்டால் 'லோ பேட்டரி' சிவப்பு விளக்கு எரிந்து, கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். கடைக்காரர் மீட்டரைக்கூட வைக்கவில்லை. "அஞ்சு வருசம் ஆச்சுல்லண்ணே, ரெண்டையும் மாத்திருங்க" என்றார். குறுவை நெல்லுக்கே இன்னும் காசு வந்து சேரவில்லை, இவருக்கு எங்கே போக?

தெருவில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். வந்ததும் பேனல் சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று போய்விட்டார். சார்ஜ் ஏறிய சூட்டோடு பார்த்தால் வோல்ட் கூடுதலாகக் காட்டுமாம். திரும்பி வந்து மீட்டர் வைத்தபோது 25.1 வோல்ட். "நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "லோடு இல்லாமப் பார்த்தா செத்த பேட்டரியும் நல்லாத்தான் காட்டும் மாமா."

200 வாட் குண்டு பல்பு இரண்டை மாட்டினார். வயரைக் கவ்வி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில், பேட்டரி வயரில் 20 ஆம்பியர். பத்து நிமிடம் ஓடவிட்டு பேட்டரி முனையில் பார்த்தால் 24.3. அதே நேரம் இன்வெர்ட்டரின் பின்பக்க முனையில் 22.9! நடுவில் இருப்பது ஒரு கஜம் வயர்தான். 1.4 வோல்ட் எங்கே போயிற்று? "நெகட்டிவ் லக்கைத் தொட்டுப் பாருங்க" என்றார், வயர் நுனியைப் பேட்டரி முனையோடு முடுக்கும் உலோகக் காதைக் காட்டி. தொட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது, நட்டும் தளர்ந்திருந்தது.

மிக்ஸி கூடுதலாக இழுக்கும்போது இழப்பும் அதற்கேற்பக் கூடி, இன்வெர்ட்டருக்கு 21 வோல்ட்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது கட்டாகும் எல்லை. இன்னொரு கூத்து, பகலில் சார்ஜ் ஏறும்போது இதே இடம் தலைகீழாக வேலை செய்யும்: பேட்டரி நிறையும் முன்பே நிறைந்ததாக இன்வெர்ட்டருக்குத் தோன்றி, சார்ஜைக் குறைத்துவிடும். அரைவயிற்றுப் பேட்டரியைத்தான் இத்தனை நாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவை முதலில் கழற்றினோம். ஸ்பேனர் பிடியில் டேப் சுற்றியிருந்தது. இரண்டு முனையிலும் பட்டால் வெல்டிங் பொறிதான். மோதிரத்தையும் கழற்றச் சொன்னார். ஆப்பசோடா கரைத்த வெந்நீர், உப்புத்தாள், கொஞ்சம் வாசலின், புது லக். மொத்தச் செலவு ஒரு கிலோ கறி விலைகூட வராது.

மறுபடி அதே பல்பு, அதே 20 ஆம்பியர்: வித்தியாசம் 0.1. ஒரு பல்பை அணைத்துவிட்டு வீட்டுக்காரி சட்னி அரைத்தார். விளக்கு கொஞ்சம் மங்கி, எழுந்துகொண்டது.

நான்கு நாள் பேனலுக்கு நன்றாக வெயில் கிடைத்தபின், பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தோம். சார்ஜ் ஏற ஏற எண் கூடும். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துள்ள பன்னிரண்டு அறையில் பதினொன்றில் 1230, 1240. இரண்டாவது பேட்டரியில் மூன்றாம் அறை மட்டும் 1190. அதன் மூடியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மாதாமாதம் அதை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.