நிலை முறுக்கினால் கதவு ஒட்டாது

தச்சு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கதவு செய்யத்தான் ஆசை இருக்கும். ஆனால் கட்டட வேலையில் கையைப் பழக்குவது கதவைத் தாங்கும் மரச்சட்டமான நிலைதான். கதவு ஒட்டவில்லை, தரையில் உரசுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை நிலையில் விட்ட தவறுகள்.

முதலில் மரக்கணக்கு. நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். 7 அடி நீளமுள்ள, 5க்கு 3 அங்குலச் சட்டம் ஒன்று ஏறக்குறைய 0.73 கன அடி. கடைக்காரர் சொல்லும் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கத் தெரியாதவர் மரம் வாங்கப் போகக் கூடாது.

சட்டத்தில் நல்ல முகத்தைத் தேர்ந்து பென்சிலால் குறி போடுங்கள். மூலைமட்டமும், விளிம்புக்கு இணையாகக் கோடு போடும் மார்க்கிங் கேஜும் எப்போதும் அந்த முகத்திலிருந்தே பிடிக்க வேண்டும். அறுத்து வந்த மரத்தின் கனம் நெடுக ஒரே அளவாக இருக்காது. ஒரு துளைக்கு முன்பக்கமும் இன்னொன்றுக்குப் பின்பக்கமும் பிடித்தால் மூட்டில் படி விழும்.

கழுந்து என்பது ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கி, மற்ற சட்டத்தின் துளைக்குள் நுழைக்கும் நாக்கு. அதன் கனம் சட்டத்தின் அகலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. 5 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல உளி பொருந்தும். துளையின் அகலமும் அந்த உளியின் அகலமே. இருபக்கமிருந்தும் நடுவை நோக்கிக் கொத்துங்கள். இரண்டு முனையிலும் 2 மில்லிமீட்டர் விட்டுவைத்து அதைக் கடைசியில் செதுக்குங்கள். இல்லையென்றால் உளியை நெம்பும்போது விளிம்பு நசுங்கிவிடும். கழுந்து அறுக்கும்போது கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கமாக ரம்பம் ஓட வேண்டும். கோடு மறைந்தால் கழுந்து லொடலொடக்கும்.

மூங்கில் ஆணி அடிக்கிற துளையைக் கழுந்தில் மட்டும் தோள் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் படியின் பக்கமாக, ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள். ஆணி இறங்க இறங்க மூட்டு தானாக இறுகும்.

நிலையை நிறுத்துவதுதான் கஷ்டமான இடம். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கால் மற்றதைவிட முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் முறுக்கு அதில் தெரியாது. மேலே கதவு ஒட்டி, கீழே அரை அங்குலம் வெளியே நிற்கும். இரண்டு கால்களுக்கும் தூக்குக்குண்டை முன்முகத்திலும் பக்கமுகத்திலும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். அதன்பின் நான்கு மூலைகளிலும் ஒரே முகத்தில் ஆணி அடித்து, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூல்கள் லேசாகத் தொட வேண்டும். 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் ஒரு மூலை 6 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. ஒரு நூல் மற்றதை அழுத்தினாலும் முறுக்குதான். மேலே இருக்கும் நூலைக் கீழே வருமாறு மாற்றிக் கட்டினால் எவ்வளவு என்று தெரியும்.

கீழ்ச்சட்டம் இல்லாத உள்நிலைக்கு அடியில் ஒரு ரீப்பரையும் (மெல்லிய மரப்பட்டை), பாதி உயரத்தில் இன்னொன்றையும் மேலகலத்துக்குச் சரியாக அடித்து வையுங்கள். கொத்தனார் காரை திணிக்கும்போது கால்கள் உள்ளே வளைவது இதனால்தான் நிற்கும். நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டையான ஹோல்டுபாஸ்ட் பக்கத்துக்கு மூன்று. சுவரைத் தொடும் முகத்துக்கு முன்கூட்டியே பிரைமர் அடிக்க மறக்காதீர்கள், பிறகு அங்கே கை போகாது.

கால் உயரத்தை டைல்ஸ் போட்ட பின் வரப்போகும் தரைமட்டத்திலிருந்து எடுங்கள். வெறும் காங்கிரீட்டிலிருந்து அளந்தால், டைல்ஸும் கலவையும் ஏறியதும் புதுக் கதவின் அடியை அறுக்க வேண்டிவரும்.