நாள்களை எண்ணாதீங்க, நக்கிப் பாருங்க

மூன்றாவது முறை பூசிய சுண்ணாம்புக் காரை நிற்கிறது. 18 நாள் ஆகிவிட்டது. விரல் முட்டியால் தட்டினால் எங்கும் உள்ளே காலியான சத்தம் இல்லை. ஏற்காட்டில் அம்மாயி வீட்டு மண்சுவரில் வெறும் 3-க்கு 3 அடிதான், அதற்கே இந்தப் பெருமை.

முதல் இரண்டும் அப்பளம் மாதிரி உரிந்து விழுந்தன. சுண்ணாம்பைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் தண்ணீர் விட்டு நீற்றும்போது அது கொதித்த கொதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெடுத்தது கடுக்காய்த் தண்ணீர்: கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, சுண்ணாம்பைக் குழைக்க ஊற்றும் தண்ணீர்.

சேலத்தில் மொட்டை மாடியில் வைத்தபோது 10 நாளில் நுரைத்துப் புளித்தது. அதே பானை, அதே அளவு, ஏற்காட்டுக் குளிரில் 10 நாள் கழித்தும் இனிப்புத் தண்ணீராகவே கிடந்தது. நான் நாள் கணக்கை நம்பிக் குழைத்துவிட்டேன். புளிக்காத இனிப்பு அதிகமானால் காரை இறுகாது. ஐந்தாம் நாளும் நகம் பதிந்தது. அடுத்த முறை சீக்கிரம் புளிக்கட்டும் என்று கருப்பட்டியை இரண்டு மடங்கு போட்டேன். இன்னும் மோசம்!

பழைய மேஸ்திரி ஒருவரிடம் புலம்பினேன். "நாள்களை எண்ணாதீங்க தம்பி, நக்கிப் பாருங்க" என்றார்.

சரி என்று கருப்பட்டியைக் கடுக்காயில் பாதியாகக் குறைத்தேன். கடுக்காயைக் கொட்டை நீக்கி ஒன்றிரண்டாக இடித்தேன். தூளாக்கினால் வடிகட்டும் துணி அடைத்துக்கொள்கிறது. (செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைக்காரர் தலையில் கட்டிய 2 கிலோவில் பாதி பூச்சி அரித்தது. இனி உடைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.) பானைக்குச் சாக்கு சுற்றி அடுப்படியில் வைத்தேன். தினமும் காலையில் ஒரு சொட்டு நாக்கில். 17-ஆம் நாள் நுரை அடங்கி, இனிப்பு சுத்தமாகப் போய், துவர்ப்பும் புளிப்பும் மட்டும் நின்றது. அன்றே வடித்தேன்.

பூசிய பிறகு ஈரச்சாக்கு தொங்கவிட்டதும் உதவியது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித்தான் சுண்ணாம்பு கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும்.

மேற்குச் சுவரில் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பின்னால் மண் உதிர்ந்து, பூச்சு வயிறு மாதிரி உப்பி நிற்கிறது. அதைப் பெயர்க்க வேண்டும். ஆனால் மனசு இப்போதே செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் பளபளப்புக்கு ஓடுகிறது. சின்னத் துண்டு ஒன்றில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பார்க்கப்போகிறேன், 30 முட்டைக்குச் சொல்லியாகிவிட்டது. மஞ்சள் கருவை எல்லாம் யார் தின்பது என்று அம்மாயி கேட்கிறார்.