இரட்டைக் குழல் துப்பாக்கியை விற்ற கதை

தேர்தல் அறிவிப்பு வந்தாலே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். திரும்பி வரும்போது குழலுக்குள் துரு ஏறியிருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்றுதான் லைசென்ஸே, ஆனால் காட்டுப்பன்றியை நாமாகச் சுட 1972-ஆம் வருட வன உயிரினச் சட்டம் விடாது. வெறும் சத்தத்துக்கு ஒரு 12 போர் (குழலின் உள்ளளவு) இரட்டைக் குழல் எதற்கு? விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து ஊர்த் தோப்புக்கார அண்ணாச்சிக்குப் புதிதாக லைசென்ஸ் கிடைத்திருந்தது, துப்பாக்கி இல்லை. விலை ஒரு காபியில் முடிந்தது. "நாளைக்கே வந்து எடுத்துக்கிடுதேன்" என்றார். "பொறுங்க அண்ணாச்சி, முதல்ல காகிதம் போகட்டும்" என்றேன்.

கடை வைத்து விற்பவருக்குத்தான் விற்பனை லைசென்ஸ் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர், வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் விற்கப் போவதையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ (நம் ஊரில் கலெக்டர்தான்) பக்கத்து ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு 45 நாளாவது கழிய வேண்டும். அதற்கு முன் கைமாற்றினால் குற்றம். தோட்டாவுக்கும் இதே விதிதான். மிச்சமிருந்த தோட்டாக்களையும் எண்ணிக் கடிதத்தில் சேர்த்தேன். பலரும் விட்டுவிடுகிற இடம் இது.

கடிதம் எழுதுமுன் அண்ணாச்சியின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன். காலாவதி ஆகவில்லை, தனி அடையாள எண் இருக்கிறது, 12 போர் என்று போட்டிருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு உள்ளவரிடம் பேரம் பேசியே பயனில்லை.

கலெக்டருக்கும் ஸ்டேஷனுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒன்றே போதும்தான், இருந்தாலும் பின்னால் யாரும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லக் கூடாதல்லவா? ஸ்டேஷனில் எஸ்.ஐ. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வித்துட்டு வந்து சொல்றீங்களா, சொல்லிட்டு விக்கிறீங்களா?" என்றார். சட்டப் பிரிவின் நகலைக் காட்டிய பிறகுதான் தேதியோடு முத்திரை விழுந்தது. அந்த 45 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். முத்திரை இல்லாத நகலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பிரிவில் 'ஆட்சேபணை இல்லை' என்று தனித் தாள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கலெக்டர் அலுவலகத்தில், அது இல்லாமல் அண்ணாச்சியின் லைசென்ஸில் துப்பாக்கியை ஏற்ற மாட்டோம் என்றார்கள். வாதாடியிருக்கலாம். யாருக்கு நேரம் இருக்கிறது? விண்ணப்பத்தைக் கொடுத்தேன், போலீஸ் அறிக்கைக்குப் போனது.

மாட்டிக்கொண்டது வேறிடத்தில். துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். எழுத்தர் செல்போன் விளக்கை அடித்து, குழலில் பொறித்த எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசி எண் துப்பாக்கியில் 3, என் லைசென்ஸில் 8. பல வருஷத்துக்கு முன் யாரோ பேனாவால் எழுதிய 3, புதுப்பிக்கும்போது 8 ஆகி, கணினியிலும் அப்படியே ஏறியிருக்கிறது. எண் சரியில்லாத துப்பாக்கி என்றால் அது கணக்கில் வராத துப்பாக்கி. நல்லவேளை, வாங்கிய கடையின் பழைய ரசீது அலமாரியில் இருந்தது. அதை வைத்துத் திருத்தம் போட்டுக் கொடுத்தார்கள். விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் ஒருமுறை குழலையும் லைசென்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் எல்லாம் சுலபம். காத்திருப்பு முடிந்து தாளும் வந்தபின், அண்ணாச்சி பணத்தைக் காசோலையாகத் தந்தார். இரண்டு லைசென்ஸ் எண்ணும் துப்பாக்கி எண்ணும் போட்டு விற்பனைச் சீட்டு எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம். அவர் லைசென்ஸில் ஏற்றி, என்னுடையதில் நீக்கினார்கள். துப்பாக்கி இல்லாத லைசென்ஸ் எனக்கு எதற்கென்று அதையும் ஒப்படைத்து ரத்து செய்யக் கேட்டிருக்கிறேன். அந்த உத்தரவு இன்னும் வரவில்லை.